செயற்கைக்கோள் நேரத்தைக் கணினிக் கடிகாரத்துக்குக் கொண்டுவருவது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

இரண்டு கணினிகளின் லாக்கை, அதாவது நிகழ்வுப் பதிவை, அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் இந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. கேள்வி அனுப்பிய கணினி 10:04:07 என்று எழுதியிருந்தது. பதில் அனுப்பிய கணினி 10:04:06 என்று எழுதியிருந்தது. கேட்பதற்கு முன்பே பதில் போயிருக்கிறது! எந்தக் கடிகாரம் சரி என்று தெரியாதவரை அந்த லாக்கை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு ஜிபிஎஸ் ரிசீவரை வாங்கி மாட்டினால் போதும் என்று இறங்கினேன். முடிய ஆறு வாரம் ஆனது. அதில் நான்கு வாரம், எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நம்பிக்கொண்டிருந்த நாட்கள். உண்மையில் கடிகாரம் ஒரு முழு வினாடி பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. அது ஏன் என்று 7-வது படியில் சொல்கிறேன். அந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

வரிசையாகச் செய்தால் இது ஒரு வார இறுதி வேலைதான். அதற்கு மேல் ஒரு நாள் எதையும் தொடாமல் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். லினக்ஸ் ஓடும் சிறிய கணினி, குறிப்பாக ராஸ்பெர்ரி பை, உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கட்டளைகளையும் அமைப்புச் சொற்களையும் உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும் முன் அந்தந்த மென்பொருளின் உதவிப் பக்கத்தில் எழுத்துக்கூட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. உங்களுக்கு இது தேவைதானா என்று பாருங்கள்

கணினிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே ஒரு நாளைக்கு 86.4 மில்லிவினாடி விலகும். சாதாரணக் கணினிகளில் பிசகு அதைப்போலப் பல மடங்கு இருக்கும். எனவே எந்தக் கணினியையும் திருத்தாமல் விட்டால் ஒரே வாரத்தில் சில வினாடிகள் தள்ளிப்போய்விடும்.

ஆனால் இணையம் இருக்கிறது, சில பத்து மில்லிவினாடி பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றால், என்டிபி என்னும் நேர நெறிமுறை வழியாக இணையத்திலிருந்து நேரம் வாங்கினாலே போதும். காசு செலவழிக்க வேண்டாம். செயற்கைக்கோள் நேரம் யாருக்குத் தேவை? இணையமே இல்லாத இடத்தில் கணினிகளை வைத்திருப்பவர்களுக்கு. பல கணினிகளின் பதிவுகளை ஒரு மில்லிவினாடிக்கும் நுணுக்கமாக ஒப்பிட வேண்டியவர்களுக்கு. வானில் ஒரு நட்சத்திரம் மறையும் கணத்தையோ நிலநடுக்க அதிர்வையோ பதிவு செய்பவர்களுக்கு. இணைய நேரத்தில் ஒரு அடிப்படைச் சிக்கல் உண்டு. கோரிக்கை போகும் நேரமும் பதில் வரும் நேரமும் சமம் என்று என்டிபி எடுத்துக்கொள்கிறது. போக 10 மில்லிவினாடி, வர 30 மில்லிவினாடி என்றால் 10 மில்லிவினாடி பிழை உட்கார்ந்துவிடும். அதை உள்ளிருந்து கண்டுபிடிக்க வழியே இல்லை.

2. வாங்கும் முன்

ரிசீவரில் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: பிபிஎஸ் என்று பெயரிட்ட பின் (இணைப்பு ஊசி) ஒன்று வெளியே எடுத்துக் கொடுக்கப்பட்டிருக்கிறதா? பிபிஎஸ் என்பது வினாடிக்கு ஒரு துடிப்பு. ஒவ்வொரு வினாடியும் தொடங்கும் கணத்தில் அந்தப் பின்னில் மின்னழுத்தம் மேலே எழும். மலிவான ரிசீவரில்கூட அந்த எழுச்சி சில பத்து நானோவினாடிக்குள் சரியாக இருக்கும். நமக்கு வேண்டிய துல்லியம் முழுவதும் அந்த ஒற்றை ஒயரில்தான் இருக்கிறது.

நான் முதலில் வாங்கியது யுஎஸ்பியில் செருகும் சின்ன ரிசீவர். வரைபடம் பார்க்க அது அருமையானது. நேரத்துக்கு உதவாது. அதில் பிபிஎஸ் வெளியே வரவில்லை, நேரம் எழுத்துச் செய்தியாக மட்டுமே வந்தது. அந்தச் செய்தி ஒவ்வொரு வினாடியும் வெவ்வேறு தாமதத்தோடு வந்து சேரும். யுஎஸ்பியும் தன் பங்குக்கு மில்லிவினாடி அளவில் ஆட்டத்தைச் சேர்க்கும். இந்த ஒரு செலவை நீங்கள் தவிர்த்தாலே நான் இதை எழுதியதற்குப் பலன்.

செலவை எங்கே போடலாம், எங்கே மிச்சம் பிடிக்கலாம்? நேரத்துக்கென்றே செய்த விலை உயர்ந்த ரிசீவர்கள் உண்டு. இருக்கும் இடத்தை ஒருமுறை அளந்து நிலைநிறுத்திக்கொண்டால், அதற்குப் பிறகு ஒரே ஒரு செயற்கைக்கோள் தெரிந்தாலும் நேரம் தருவது அவற்றின் பெரிய சிறப்பு. சாதாரண ரிசீவருக்கு இடம், நேரம் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட நான்கு செயற்கைக்கோள் வேண்டும். வானம் நன்றாகத் திறந்திருக்கும் இடமென்றால் சாதாரண ரிசீவரே போதும். மிச்சமாகும் பணத்தை ஆன்டெனாவிலும் கேபிளிலும் போடுங்கள். வானம் குறுகலான இடமென்றால் மட்டும் நேர ரிசீவரை யோசிக்கலாம். கணினியை நீங்கள் மறுபடி மறுபடி இணையமில்லாமல் அணைத்துப் போடுவீர்கள் என்றால் பேட்டரியோடு கூடிய கடிகாரச் சிப்பு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். ராஸ்பெர்ரி பை 5-க்கு முந்தைய மாடல்களில் அது கிடையாது, மின்சாரம் போனால் நேரமும் போய்விடும்.

பெயர் பெற்ற யூபிளாக்ஸ் சிப்புகளுக்குப் போலிகள் நிறைய சுற்றுகின்றன. விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் நம்பாதீர்கள். போலி என்றால் வேலையே செய்யாது என்றில்லை. அமைப்புகளை மாற்றச் சொன்னால் கேட்காது, அல்லது கேட்டதுபோல் காட்டிவிட்டு மின்சாரம் போனதும் மறந்துவிடும்.

பொருள் கைக்கு வந்ததும் மூன்று ஆவணங்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்: சிப்பின் தரவுத்தாள், அதன் செய்தி மொழியை விளக்கும் நெறிமுறைக் கையேடு, போர்டின் பின் வரைபடம். சிப்பைச் செய்தவர் ஒருவர், அதைப் போர்டில் பொருத்தியவர் இன்னொருவர். சிப்பு 3.3 வோல்ட் என்று அதன் தரவுத்தாள் சொல்லும்; போர்டில் 5 வோல்ட் கொடுக்கலாமா என்பதைப் போர்டின் தாள்தான் சொல்லும். இரண்டையும் பார்க்காமல் ஒயரைத் தொடாதீர்கள். நான்காவது ஆவணம் நீங்களே எழுதப்போவது. ஒரு நோட்டில் ரிசீவரின் மாடல், உள் மென்பொருள் பதிப்பு, சீரியல் வேகம், எந்த ஒயர் எந்தப் பின், கேபிள் நீளம் எல்லாவற்றையும் தேதியோடு எழுதி வையுங்கள். எட்டு மாதம் கழித்து ஏதாவது நின்றுபோனால் அந்த நோட்டுதான் காப்பாற்றும்.

3. ஆன்டெனாவை முதலில் முடியுங்கள்

செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வந்து சேரும் சிக்னல் மிக மிகப் பலவீனமானது. கான்கிரீட் கூரை அதை நிறுத்திவிடும். உலோகப் பூச்சுள்ள ஜன்னல் கண்ணாடியும் நிறுத்திவிடும். சாதாரணக் கண்ணாடி ஜன்னலில் வைத்தால் பாதி வானம் மட்டும் தெரியும்; சில மணி நேரம் நன்றாக ஓடும், அப்புறம் செயற்கைக்கோள்கள் நகர்ந்ததும் விட்டுவிட்டு வேலை செய்யும். இந்த விட்டுவிட்டு வரும் கோளாறைத் தேடி மென்பொருளில் நாட்களைத் தொலைப்பது பலருக்கும் நடக்கிறது. அதனால்தான் இதை முதலில் முடிக்கச் சொல்கிறேன்.

சதுரமான சின்ன ஆன்டெனா என்றால் காந்தம் உள்ள பக்கம் கீழே, வழவழப்பான பக்கம் வானத்தைப் பார்த்து இருக்க வேண்டும். அடியில் உள்ளங்கை அகல உலோகத் தகடு ஒன்றை வைத்தால் சிக்னல் கண்கூடாக ஏறும். வெளியே நிரந்தரமாக வைப்பதென்றால் தண்ணீர் புகாத, கூம்பு அல்லது குடை வடிவ ஆன்டெனா வாங்குங்கள். கேபிள் இணைப்புகளைச் சுற்றித் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் போடுங்கள். மின்னல் தடுப்பானும் தரை இணைப்பும் தவிர்க்கக் கூடாதவை. ஆன்டெனாவுக்கான மின்சாரம் அதே கேபிளில்தான் மேலே போகிறது, ஆகவே நேர்மின்சாரத்தைக் கடத்தும் வகைத் தடுப்பானா என்று கேட்டு வாங்குங்கள்.

கனெக்டரில் ஒரு பொறி உண்டு. வைஃபை ஆன்டெனாக்களில் வரும் தலைகீழ் எஸ்எம்ஏ கனெக்டரும் ஜிபிஎஸ்ஸின் எஸ்எம்ஏ கனெக்டரும் ஒன்றோடொன்று திருகிப் பொருந்தும். ஆனால் நடுவே ஊசி இருக்காது, சிக்னல் வராது. திருகும் முன் இரண்டு பக்கமும் நடுவில் பாருங்கள்: ஒன்றில் ஊசி, மற்றதில் துளை இருக்க வேண்டும். போர்டின் மேல் இருக்கும் பொத்தான் அளவு யு.எஃப்.எல் கனெக்டரை அடிக்கடி கழற்றி மாட்டாதீர்கள். அது சுமார் 30 முறைக்கு மட்டுமே செய்யப்பட்டது.

கேபிள் நீளத்தால் நேரம் தாமதமாகுமே என்று கவலைப்படுவார்கள். ஒரு மீட்டருக்குச் சுமார் 5 நானோவினாடி; 20 மீட்டர் இழுத்தாலும் 100 நானோவினாடிதான். நம் வேலைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மெல்லிய கேபிள் நீளமாகப் போனால் சிக்னலின் வலு குறையும் என்பதுதான் உண்மையான கவலை. நீளம் கூடினால் தடித்த கேபிள் வாங்குங்கள்.

சோதனை எளிது. ரிசீவருக்கு மின்சாரம் கொடுத்து, செயற்கைக்கோள்களின் சிக்னல் வலுவைக் காட்டும் ஏதாவது ஒரு கருவியில் பாருங்கள். நான்கைந்தாவது 40-ஐத் தாண்டி இருந்தால் நல்ல இடம். எல்லாமே 30-க்குக் கீழே என்றால் இடத்தை மாற்றுங்கள். காலை, மதியம், இரவு என மூன்று வேளை பார்த்துவிட்டே அடுத்த படிக்குப் போங்கள்.

4. ஒயர் இணைப்பு

கணினியை அணைத்துவிட்டு ஐந்து ஒயர்கள்: மின்சாரம், தரை, ரிசீவர் அனுப்பும் ஒயர், ரிசீவர் வாங்கும் ஒயர், பிபிஎஸ். ரிசீவரின் அனுப்பும் பின் கணினியின் வாங்கும் பின்னுக்குப் போக வேண்டும், இரண்டும் குறுக்காக. ராஸ்பெர்ரி பையில் தரைக்கு 6-வது பின், கணினி அனுப்புவது 8-வது, வாங்குவது 10-வது. பிபிஎஸ்ஸுக்கு வழக்கமாக 12-வது பின்னை எடுப்பார்கள், மென்பொருளில் அதன் எண் ஜிபிஐஓ 18. இந்த இரண்டு எண் முறைகளையும் குழப்பிக்கொள்வது எளிது. நோட்டில் இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

இந்தப் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ரிசீவரின் சிக்னல் 5 வோல்ட்டில் வந்தால் போர்டு எரிந்துபோகும். மீட்டர் வைத்து அளந்துவிட்டு மாட்டுங்கள்.

5. கணினியைத் தயார்செய்வது

ராஸ்பெர்ரி பையில், ரிசீவரின் செய்தி வந்து சேரும் சீரியல் போர்ட்டை இரண்டு பேர் ஏற்கெனவே பிடித்து வைத்திருப்பார்கள். ஒன்று, லினக்ஸின் உள்நுழைவுத் திரை. அமைப்புக் கருவியில் போய், சீரியல் வழி உள்நுழைவு வேண்டாம், ஆனால் சீரியல் வன்பொருள் வேண்டும் என்று தேர்ந்தெடுங்கள். மற்றது, புளூடூத். 3, 4 மாடல்களில் நல்ல சீரியல் சுற்று புளூடூத்துக்குப் போய்விடும். நமக்குக் கிடைப்பது செயலியின் வேகத்தோடு சேர்ந்து ஆடும் சின்னச் சுற்று. புளூடூத் தேவையில்லை என்றால் துவக்க அமைப்புக் கோப்பில் அதை நிறுத்திவிடுங்கள்.

அதே கோப்பில் பிபிஎஸ் ஜிபிஐஓ என்ற மேலடுக்கைச் சேர்த்து, பின் எண் 18 என்று கொடுங்கள். மறுதொடக்கம் செய்ததும் பிபிஎஸ் டூல்ஸ் தொகுப்பில் உள்ள பிபிஎஸ்டெஸ்ட் கட்டளையை ஓட்டுங்கள். வினாடிக்கு ஒரு வரி வந்தால் துடிப்பு வந்து சேர்ந்துவிட்டது. வரவில்லை என்றால் மென்பொருளைத் தோண்டாதீர்கள். ரிசீவருக்கு இன்னும் இடம் பிடிபடவில்லை என்பதே பெரும்பாலும் காரணம், ஏனென்றால் பல ரிசீவர்கள் இடம் பிடிபட்ட பிறகுதான் துடிப்பைத் தொடங்கும். பழைய தகவல் எதுவும் இல்லாமல் தொடங்கும் ரிசீவருக்கு, திறந்த வானத்தின் கீழே ஒரு நிமிடம் போதும். ஜன்னலோரத்தில் கால் மணி நேரம்கூட ஆகலாம்.

6. ஜிபிஎஸ்டி

ரிசீவரின் செய்தியைப் படித்து, கணினிக் கடிகாரத்தைத் திருத்தும் குரோனி என்னும் மென்பொருளுக்குக் கொடுக்கும் இடைத்தரகர் மென்பொருள் இது. இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். இயல்பாக இது யாராவது கேட்டால்தான் ரிசீவரைத் திறக்கும். அதனால் நீங்கள் பார்க்கும் கருவியைத் திறந்து வைத்திருக்கும்போது எல்லாம் ஓடும், மூடிவிட்டுத் தூங்கப் போனதும் நின்றுவிடும். யாரும் கேட்கக் காத்திராமல் உடனே தொடங்கு என்னும் 'என்' விருப்பத்தைச் சேர்த்து, துவக்கத்திலேயே ஓடும் சேவையாகவும் ஆக்கிவிடுங்கள். அடுத்தது, இது சில ரிசீவர்களின் அமைப்பைத் தானாகவே மாற்றும். ரிசீவரை நீங்களே அமைத்து வைத்திருந்தால், வாசிக்க மட்டும் செய் என்னும் 'பி' விருப்பத்தையும் கொடுங்கள்.

பதிப்பைப் பாருங்கள். 3.20 முதல் 3.22 வரையிலான பதிப்புகளில் இருந்த ஒரு பிழை, 2021 அக்டோபர் 24 அன்று தேதியை 1,024 வாரம் பின்னே, 2002-க்குத் தள்ளக்கூடியதாக இருந்தது. 3.23-இல் சரிசெய்துவிட்டார்கள். பழைய இயங்குதள நகலை (இமேஜ்) எடுத்து நிறுவுபவர்கள் இதை இன்றும் மிதித்துவிடலாம்.

7. குரோனி: முக்கியமான இடம்

குரோனியை நிறுவுங்கள். கணினியில் வேறு நேரச் சேவை ஓடினால் நிறுத்துங்கள். இரண்டு பேர் ஒரே கடிகாரத்தைத் திருப்பினால் இரண்டும் கெடும்.

இப்போது ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ரிசீவரிலிருந்து இரண்டு தகவல் வருகிறது. எழுத்துச் செய்தி, 'இப்போது எந்த வினாடி' என்று சொல்கிறது. துடிப்பு, 'வினாடி இதோ தொடங்கியது' என்று சொல்கிறது. செய்திக்கு நேரம் தெரியும், கணம் தெரியாது. துடிப்புக்குக் கணம் தெரியும், எந்த வினாடி என்று தெரியாது. குரோனி இரண்டையும் பொருத்துகிறது: ஒவ்வொரு துடிப்புக்கும், செய்தி சொல்லும் நேரத்துக்கு மிக அருகில் இருக்கும் முழு வினாடியைப் பெயராகச் சூட்டுகிறது.

செய்தி அரை வினாடிக்கும் குறைவாகத் தாமதித்தால் பெயர் சரியாக விழும். அரை வினாடியை ஒட்டித் தாமதித்தால் குரோனி பொருத்த மறுத்துவிடும். முக்கால் வினாடியைத் தாண்டித் தாமதித்தால்? முந்தைய வினாடியின் பெயர் விழும். கடிகாரம் துடிப்போடு மைக்ரோவினாடி பிசகாமல் ஒட்டிக்கொண்டு, சரியாக ஒரு வினாடி பின்தங்கி ஓடும். எனக்கு நடந்தது இதுதான். குரோனி தன் பிழை ஒரு மைக்ரோவினாடிக்கும் குறைவு என்று காட்டிக்கொண்டிருந்தது, நானும் நிம்மதியாக இருந்தேன்.

செய்தி ஏன் அவ்வளவு தாமதிக்கிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள். 9,600 என்ற சீரியல் வேகத்தில் வினாடிக்கு 960 எழுத்துகள் போகும். ஒரு வரி 80 எழுத்து வரை நீளலாம், அதற்கு 83 மில்லிவினாடி. ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ, பெய்டோ என எல்லாச் செயற்கைக்கோள் கூட்டங்களையும் கேட்கும் ரிசீவர் தெரியும் செயற்கைக்கோள்களையெல்லாம், வரிக்கு நான்கு என்ற கணக்கில் பட்டியலிட்டுக்கொண்டே போகும். பத்து வரி என்றால் 800 மில்லிவினாடிக்கு மேல். என் ரிசீவரில் இரவில் வரிகள் குறைந்து சரியாகப் பொருந்தியது, பகலில் கூடித் தவறாகப் பொருந்தியது. அந்த மாற்றத்தைப் பார்த்துத்தான் கடைசியில் பிடிபட்டது.

செய்ய வேண்டியவை இவை. ரிசீவரின் வேகத்தை 38,400 அல்லது 1,15,200-க்கு ஏற்றுங்கள். செயற்கைக்கோள் பட்டியல் வரிகளை நிறுத்திவிட்டு, நேரம் தரும் ஆர்எம்சி அல்லது இசட்டிஏ வரியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியதை ரிசீவரின் நினைவகத்தில் சேமிக்கும் கட்டளையையும் கொடுங்கள், இல்லாவிட்டால் மின்சாரம் போய் வந்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கணினிப் பக்கத்திலும் அதே வேகத்தை வைக்க மறக்காதீர்கள்.

அப்புறம் குரோனியின் அமைப்புக் கோப்பில் இரண்டு ரெஃப்கிளாக் வரிகள். முதல் வரி ஜிபிஎஸ்டி பகிர்நினைவகத்தில் போடும் செய்தி நேரத்துக்கு. அதன் பெயர் என்எம்இஏ என்று வைத்து, 'நோசெலக்ட்' என்று சேருங்கள். அதாவது இதைக் கவனி, ஆனால் இதை நம்பிக் கடிகாரத்தைத் திருப்பாதே. இரண்டாவது வரி பிபிஎஸ் சாதனத்துக்கு. அதில் 'லாக் என்எம்இஏ', அதாவது என்எம்இஏவோடு பூட்டு, என்று கொடுத்தால் துடிப்பு அந்தச் செய்தியோடு பொருத்தப்படும். கூடவே இணையச் சர்வர்கள் நான்கையாவது வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கடிகாரம் முரண்பட்டால் எது தவறு என்று யாராலும் சொல்ல முடியாது. நான்கு இருந்தால் ஒன்று கெட்டாலும் மற்ற மூன்றும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

முதல் இரவு பிபிஎஸ் வரியைச் சேர்க்காமல், இணையச் சர்வர்களை மட்டும் நம்பி ஓட விடுங்கள். காலையில் சோர்ஸ்ஸ்டாட்ஸ் அறிக்கையில் என்எம்இஏவின் சராசரி விலகல் எவ்வளவு என்று பாருங்கள். 0.14 வினாடி, 0.2 வினாடி என்று ஏதாவது ஒரு எண் நிற்கும். அதை என்எம்இஏ வரியில் 'ஆஃப்செட்' மதிப்பாகக் கொடுத்து, மறுபடி ஓட்டிப் பாருங்கள். விலகல் பூஜ்யத்துக்கு அருகில் வர வேண்டும். இரட்டிப்பானால் கூட்டல் கழித்தல் குறி மாறிவிட்டது. பூஜ்யத்துக்கு அருகில் வந்த பிறகே பிபிஎஸ் வரியைச் சேருங்கள். இந்த ஒரு இரவுப் பொறுமை எனக்கு இருந்திருந்தால் நான்கு வாரம் மிச்சமாகியிருக்கும்.

'டிரஸ்ட்' என்னும் சொல்லைப் பிபிஎஸ் வரியில் சேர்க்கச் சொல்லும் மாதிரி அமைப்புகள் கண்ணில் படும். இணையம் இருக்கும் இடத்தில் சேர்க்காதீர்கள். மற்ற எல்லோரும் வேறு நேரம் சொன்னாலும் இதையே நம்பு என்பதுதான் அதன் பொருள். தவறு நடக்கும்போது எச்சரிக்கக்கூடிய ஒரே வழியையும் அது அடைத்துவிடும்.

8. சரியாக ஓடுகிறதா

குரோனிசி சோர்சஸ் என்று கேளுங்கள். பிபிஎஸ் வரியின் தொடக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் கடிகாரம் அதைப் பின்பற்றுகிறது. எக்ஸ் என்று இருந்தால் மற்றவர்களோடு அது முரண்படுகிறது, அதை ஒதுக்கிவிட்டார்கள். ரீச் என்ற இடத்தில் 377 வர வேண்டும். கடைசி எட்டு முயற்சியும் வெற்றி என்பதன் எட்டடிமான எண் அது.

கடிகாரம் தன்னைப் பற்றிச் சொல்லும் பிழையை மட்டும் பார்த்து ஒருபோதும் திருப்தி அடையாதீர்கள். மாறாத பிழை அந்த எண்ணில் தெரியாது. துடிப்பு எழும் முனைக்குப் பதிலாக விழும் முனையில் பிடித்துக்கொண்டால், துடிப்பின் அகலம் எவ்வளவோ அவ்வளவு பிழை நிலையாக இருக்கும். யூபிளாக்ஸ் ரிசீவர்களில் இயல்பான அகலம் 100 மில்லிவினாடி. போர்டில் சிக்னலைத் தலைகீழாக்கும் சுற்று இருந்தால் இப்படி நடக்கும். சாதனப் பெயரோடு 'கிளியர்' என்று சேர்த்தால் சரியாகும். இதையெல்லாம் காட்டுவது வெளியாள் மட்டுமே. இணையச் சர்வர்களின் வரிகளில் விலகல் எவ்வளவு என்று பாருங்கள். சில மில்லிவினாடி, அதுவும் கூட்டலும் கழித்தலுமாகக் கலந்திருந்தால் நல்லது. எல்லாமே ஒரே பக்கம் 100 மில்லிவினாடி என்றால் முனை தவறு, ஒரு வினாடி என்றால் பெயர் தவறு.

24 மணி நேரம் எதையும் தொடாமல் விடுங்கள். வெயில் ஏறி இறங்கும்போது படிகத்தின் வேகம் மாறும், குரோனி அதைத் துரத்திப் பிடிக்கும். ராஸ்பெர்ரி பையில் ஒன்றிரண்டு மைக்ரோவினாடி ஆட்டம் சகஜம். அதற்கு மேல் ஆடினால், மின்விசிறிக் காற்றோ நேர் வெயிலோ படாத இடத்தில் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள்.

9. மற்ற கணினிகளுக்கு

குரோனியில் 'அலவ்' என்று உங்கள் உள் நெட்வொர்க்கின் முகவரி வரம்பைக் கொடுங்கள். ஃபயர்வாலில் யுடிபி 123-ஐ உள் நெட்வொர்க்குக்கு மட்டும் திறங்கள், வெளியுலகுக்கு வேண்டாம். கம்பி வழியே இணைந்த கணினிகள் பொதுவாக ஒரு மில்லிவினாடிக்குள் வந்து நிற்கும். வைஃபையில் சில மில்லிவினாடி ஆடும், அதைக் குறைக்கப் போராட வேண்டாம்.

10. லீப் வினாடியும் வார எண்ணும்

பூமியின் சுழற்சிக்கு ஈடாக உலக நேரத்தில் எப்போதாவது சேர்க்கும் கூடுதல் வினாடிதான் லீப் வினாடி. ஜிபிஎஸ்ஸின் உள்நேரத்தில் அது கிடையாது. 2017 ஜனவரி 1 முதல் ஜிபிஎஸ் நேரம், நாம் பயன்படுத்தும் உலகப் பொது நேரமான யுடிசியைவிட 18 வினாடி முன்னே இருக்கிறது. எத்தனை வினாடி கழிக்க வேண்டும் என்பதைச் செயற்கைக்கோளே சொல்லும், ஆனால் அந்த முழுச் செய்தியும் வந்து முடிய 12.5 நிமிடம் ஆகும். புதிதாகத் தொடங்கிய ரிசீவர், குறிப்பாகப் பழையது, அதுவரை சில வினாடி தவறாகச் சொல்லலாம். தொடங்கிய முதல் கால் மணி நேரத்தில் பார்க்கும் நேரத்தை வைத்து முடிவு எடுக்காதீர்கள், அமைப்பையும் மாற்றாதீர்கள்.

ஜிபிஎஸ் வார எண்ணைப் பழைய செய்தி வடிவம் 10 பிட்டில் அனுப்புகிறது. 1,024 வாரத்துக்கு ஒருமுறை அது பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாகத் திரும்பியது 2019 ஏப்ரல். பழைய ரிசீவர் ஒன்று நேரத்தைச் சரியாகவும் தேதியை ஏறத்தாழ 20 ஆண்டு பின்னாகவும் காட்டினால் காரணம் இதுதான். உள் மென்பொருளைப் புதுப்பிக்க முடியாவிட்டால் அந்த ரிசீவரை விட்டுவிடுங்கள்.

இணையச் சர்வர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு எச்சரிக்கை. சில சர்வர்கள் லீப் வினாடி வந்தால் அதை ஒரே அடியாகச் சேர்க்காமல் பல மணி நேரத்துக்குப் பரப்பிவிடும். அப்படிப்பட்டவற்றையும் மற்றவற்றையும் கலந்து வைத்தால் அந்த நாளில் அவை ஒன்றோடொன்று முரண்படும்.

11. கடைசிச் சோதனை

எல்லாம் நிலைத்த பிறகு ஒருமுறை ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட்டுக் கவனியுங்கள். ரிசீவர் இடத்தை இழந்ததும் துடிப்பு நிற்க வேண்டும், சில நிமிடத்தில் நட்சத்திரக் குறி பிபிஎஸ்ஸிலிருந்து இணையச் சர்வருக்கு நகர வேண்டும். சில ரிசீவர்கள் வானம் தெரியாமலேயே துடித்துக்கொண்டிருக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். அப்படியானால் வெறும் படிகத்தின் துடிப்பைக் குரோனி செயற்கைக்கோள் நேரம் என்று நம்பிப் பின்தொடரும். இடம் பிடிபட்டால் மட்டுமே துடிப்பு என்று ரிசீவரில் மாற்றிச் சேமியுங்கள், கேபிளை மறுபடி கழற்றிப் பாருங்கள். நட்சத்திரம் எத்தனை நிமிடத்தில் நகர்ந்தது, கேபிளை மாட்டிய பிறகு எத்தனை நிமிடத்தில் திரும்பி வந்தது என்று இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே சோதனையைச் செய்து, பழைய எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.